வலது கையில் சாவி இருந்தது

செப்டம்பர் 2, செவ்வாய்

காற்று. விடிந்ததிலிருந்து ஒரே காற்று. மகள் ஸைனுவின் சட்டைகளை இரண்டாம் முறை அலச வேண்டியதாயிற்று. உப்பளப் பக்கத்துத் தூசி ஈரத்துணியில் ஒட்டினால் பிள்ளையின் கழுத்தெல்லாம் சிவந்துவிடும்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு இரவு வாட்டில். என் முதுகு இன்னும் நிமிரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. பாண் துண்டை நனைத்துக் கொடுத்தேன், துப்பவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நினைவிருக்கும்போதே எழுதி வைக்கிறேன். 15ஆம் திகதி கிளினிக்கில் பெரிய டொக்டர் கேட்பார்.

சனிக்கிழமை. பின்னேரம், அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம். பிள்ளைக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். பிள்ளையின் வாப்பா ரிஸ்வான் வேலையில். ரிஸ்வானின் ராத்தா, என் மதினி, தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். என்னிடம் அழுகிறவள் மதினி மடியில் அடங்கிவிடுவாள். நான் அடுப்படியில், கஞ்சி.

"புள்ள! ஓடி வா புள்ள!"

ஓடினேன். கண் மேலே செருகியிருந்தது. முகம் மதினியின் நெஞ்சோடு. கால் இரண்டும் ஈரத்துவாயில் சுற்றியபடி. "இரும்பு, இரும்பு" என்று மதினி கத்தினார். மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிற பெரிய சாவியை அவரே எட்டி எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்து ஓதத் தொடங்கினார். வலிப்பு வந்தால் கையில் இரும்பு வைக்க வேண்டும் என்பது எங்கள் உம்மா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். நான் அடுத்த பக்கம் குந்தினேன். பிள்ளையின் இடது கை மடிந்தது, நீண்டது, மடிந்தது. அதைப் பார்த்தேன்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். வேறு யாரும் வாசிக்கப்போவதில்லை, உண்மையை எழுதலாம்.

வாட்டில் இளம் டொக்டர். எந்தக் கை? இடது. வலது? ஆடவில்லை. தலை எந்தப் பக்கம் திரும்பியது? தெரியாது. எவ்வளவு நேரம்? பத்து நிமிடம் இருக்கும்.

பிள்ளையின் ஆஸ்பத்திரி டிக்கட்டில் எழுதினார்: ஒரு பக்கம். பத்து நிமிடம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இரண்டு பக்கமும் ஆடி, சீக்கிரம் நின்றிருந்தால் காய்ச்சல் வலிப்பு. எத்தனையோ பிள்ளைகளுக்கு வரும், வளர வளரப் போய்விடும், மருந்து வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் மூளையில் ஏதோ ஓர் இடம். கொழும்புக்குப் போய் ஸ்கேன். ஒருவேளை தினமும் மருந்து, இரண்டு வருடம். மருந்து பிள்ளையை மந்தமாக்குமா என்று கேட்டேன். "சில பிள்ளைகளை" என்றார்.

பத்தொன்பது மாதப் பிள்ளை. இப்போதுதான் "காக்கா" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.


செப்டம்பர் 3, புதன்

காற்று கொஞ்சம் குறைவு.

- தேர்மாமீட்டர் புதியது
- கிளினிக் கொப்பி, உறை போட
- ரி.யின் வேலைச் சட்டைக்குப் பொத்தான் (மதினியிடம் கொடுக்க)
- மீன்காரரிடம் நாளைக்கு நகரை, சின்னது

நெற்றியில் கை வைத்துப் பார்த்தது இன்றைக்கு எத்தனை தரம் என்று தெரியாது. ரிஸ்வான் எண்ணினாராம். "ஸிபா, நீ தொட்டுத் தொட்டே பிள்ளைக்குச் சூடு ஏறும்."

இதை யாரிடம் சொல்வது. முன்பு பல்கலைக்கழக லாபில் பதினான்கு மாதம் என் வேலையே அதுதான். எலிக்கு வலிப்பு வரும், நான் பார்த்து எழுத வேண்டும். எந்தக் கால் முதலில், தலை எந்தப் பக்கம், எத்தனை செக்கன். கண் இமைக்கக் கூடாது. இமைத்தால் ஸேர் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போதும் ஒப்புவிக்க வரும். பூச்சியம்: ஒன்றுமில்லை. ஒன்று: வாயும் மீசையும் துடிப்பது. இரண்டு: தலையாட்டல். மூன்று: முன்கால்கள். நான்கு: பின்காலில் எழுந்து நிற்பது. ஐந்து: விழுவது.

மலைநாட்டுக் குளிர். காலையில் விலங்கறைக் கதவைத் திறந்தால் மரத்தூள் வாசம், கீழே இலேசான மூத்திர வாசம், கூடவே எலிச்சாப்பாட்டின் பிஸ்கட் வாசம். முதல் கிழமை குமட்டியது. பிறகு விடுமுறைக்குப் புத்தளம் வந்தால் அந்த வாசம் இல்லாமல் நித்திரை வராது. தில்ருக்ஷி சிரிப்பாள். விடுதியில் என் பக்கத்துக் கட்டில் அவள்தான். ஒரே லாம்பு, ஒரே ஹீட்டர், ஒரே ஸேரிடம் ஏச்சு.

மூளையின் அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்னப் பட்டை. சப்ஸ்டான்ஷியா நைக்ரா. கொப்பியில் ச.நை. என்று எழுதுவோம். ஒரு பக்கத்து ச.நை.க்கு மட்டும் ஒரு சொட்டு மருந்து விட்டால் எலி நேரே நடக்காது, வட்டம் போடும், மணிக்கணக்கில். அதே மருந்தை இரண்டு பக்கமும் விட்டால் வர வேண்டிய வலிப்பு வராமல் நின்றுவிடும். ஒரே பட்டைதான். நடையும் அதன் கையில், வலிப்பும் அதன் கையில். முதல் முறை இதைக் கண்ணால் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

வட்டங்களை எண்ண லாபில் கருவி கிடையாது. உம்மா ஓதி எண்ணத் தந்த தஸ்பீஹ் கவுண்டரை விரலில் மாட்டிக்கொண்டு எண்ணினேன். ஒரு வட்டம், ஒரு அழுத்து. தில்ருக்ஷிக்கு அது சரியாகப் பட்டது, கண்டியில் ஒன்று வாங்கி அவளும் மாட்டிக்கொண்டாள். பௌத்தப் பெண் விரலில் தஸ்பீஹ் கவுண்டர். பஸ்ஸில் ஒரு ஹாஜியார் அவளுக்கு ஸலாம் சொன்னார்.

ஸேர் ஒன்று சொல்வார்: குட்டியின் மூளை பெரிய மூளையின் சின்னப் பிரதி இல்லை. வளர்ந்த எலியில் வலிப்பை அடக்குகிற அதே மருந்து, குட்டியின் ச.நை.யில் ஓர் இடத்தில் விட்டால் வலிப்பைத் தூண்டிவிடும். அன்று அதை அடிக்கோடு போட்டு எழுதினேன். இன்று அதை நினைத்தால் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கத் தோன்றுகிறது.

பார்த்தேன். மூச்சு சீராக இருக்கிறது.


செப்டம்பர் 5, வெள்ளி

ஜும்ஆ. ரிஸ்வான் பள்ளியிலிருந்து வரும்போது கஞ்சிப்பொதி, பிள்ளைக்கு ஒரு பலூன். பலூன் ஐந்து நிமிடத்தில் வெடித்தது.

தில்ருக்ஷியை அழைத்தேன். இன்னும் அதே கட்டிடத்தில் இருக்கிறாள், இப்போது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அங்கே மழையாம். ஃபோனில் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இடது கை மட்டும் என்றேன். உடனே கேட்டாள்: "மற்றக் கையை யாராவது பிடித்திருந்தார்களா?"

"ஏன்?"

"உன்னுடைய நாற்பத்தொன்று ஞாபகம் இல்லையா? நீ கையைப் பிடித்துத் தாலாட்டின எலி?"

ஞாபகம் வந்தது.

நாற்பத்தோராம் எலி. நான் சேர்ந்த மூன்றாம் மாதம். அதற்கு வலிப்பு வந்து தலை கண்ணாடியில் அடிபட்டது. டொக் டொக் என்று. தாங்க முடியாமல் உள்ளே கையை விட்டு இடது முன்காலோடு சேர்த்து அணைத்துப் பிடித்தேன். நின்ற பிறகு எழுதினேன்: வலது முன்கால் மட்டும். பொய் இல்லை, நான் கண்டது அதுதான். ஸேர் தாளைப் பார்த்துவிட்டுக் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரிய விஷயம். இரண்டு நாள் அதைப் பற்றியே கதை. மூன்றாம் நாள் வீடியோவைப் போட்டார்கள். திரையில் பெரிதாக என் கையுறை.

ஸேர் ஏசவில்லை. தாளில் குறுக்கே கோடு போட்டார். விலங்கறையைப் பார்க்கிற சுனில் அய்யாதான் வாசலில் வைத்து மெல்லச் சொன்னார்: "அத தியன்ன எபா, நங்கி." கை வைக்காதே, தங்கச்சி. அதன் பிறகு பதினொரு மாதம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன்.

ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்தால் மதினி யாருடையதோ அபாயாவுக்குக் கரை மடித்துக்கொண்டிருக்கிறார். ஆணியில் சாவி. சாவியைப் பிள்ளையின் எந்தக் கையில் வைத்தார்? நான் இடது பக்கம் இருந்தேன். இடது கை வெறுமையாக இருந்தது.

அப்படியென்றால்.

இன்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.


செப்டம்பர் 8, திங்கள்

கேட்டேன். கேட்ட விதம் பிழை.

"மதினி, அண்டைக்குப் பிள்ளைட எந்தக் கையில சாவிய வச்சீங்க?"

"ஏன், இப்ப என்னத்துக்கு?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது? சோத்துக் கையிலதான். வேற எந்தக் கையில வைப்பாங்க?"

"இறுக்கியா பிடிச்சிருந்தீங்க?"

"பிடிக்காம? சாவி விழுந்திருமே. ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் சொன்னேன்: "நீங்க பிடிச்சதாலதான் நான் டொக்டருக்குப் பிழையாச் சொல்லிட்டன்."

மதினி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார். "ஓ. அப்ப எண்ட பிழை."

"அப்பிடிச் சொல்லல மதினி."

"கண்ண மூடிட்டு இருந்தது ஆரு புள்ள? நானா?"

மெஷின் ஓடத் தொடங்கியது. மத்தியான லுஹரிலிருந்து பொழுதுபட்ட மஃரிப் வரைக்கும் நிற்கவில்லை.

அவர் பார்த்திருக்கிறார், நான் கண்ணை மூடியதை.

அந்தச் சாவி மன்னார் வீட்டுச் சாவி. தொண்ணூறில் இயக்கக்காரர் போகச் சொல்லி முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மதினிக்குப் பதினொரு வயது. வாப்பா மூட்டையோடு, உம்மா பிறந்து நாற்பது நாள் முடியாத ரிஸ்வானோடு. கதவைப் பூட்டச் சொன்னது மதினியைத்தான். வள்ளத்தில் வரும்போது சாவி பாவாடை முடிச்சில். பிறகு அகதி முகாம், பிறகு தில்லையடி, பிறகு இந்த வீடு. அங்கே இப்போது கதவும் இல்லை, நிலையும் இல்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். சாவிக்கு மாதம் ஒரு தரம் தையல் மெஷின் எண்ணெய் போடுகிறார். வீட்டில் ஒரு குழந்தைக்கு ஏதும் என்றால் அவர் கை போகிற இரும்பு அதுதான். அதையா நான் பிழை என்று சொன்னேன்.


செப்டம்பர் 10, புதன்

மதினி இன்னும் கதைக்கவில்லை. சோறு போட்டு வைக்கிறார், கதைக்கவில்லை. பிள்ளையிடம் சொல்கிறார், எனக்குக் கேட்க: "உங்கும்மாட்டச் சொல்லு, உப்புக் கூடிட்டாம்."

பிள்ளை: "காக்கா."

ரிஸ்வான் நடுவில். "ரெண்டு பேரும் எனக்கூடாகக் கதைக்கிறதுக்கு நான் என்ன டெலிஃபோன் கம்பமா?"

அவரிடம் விளக்கினேன். சாவி, கை, நாற்பத்தொன்று. கேட்டார், முழுவதும் கேட்டார். பிறகு: "சரி, பிடிச்ச கை ஆடல. ஆனா பிடிக்காட்டி ஆடியிருக்கும் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியாது. அதுதானே. எலி என்றால் வீடியோ இருந்தது.

பழைய பெட்டியைத் தேடி எடுத்தேன். என் வெள்ளைக் கோட், பையில் மூடி இல்லாத பேனை, விடுதிப் பற்றுச்சீட்டு, தில்ருக்ஷி கீறிய ஒரு எலி, தலையில் தொப்பியுடன். கோட்டைப் போட்டுப் பார்த்தேன். தோளில் சரி, வயிற்றில் பொத்தான் எட்டவில்லை. ஸைனு பார்த்துவிட்டுப் பயந்து அழுதாள். ஆஸ்பத்திரி ஞாபகம்.

கழற்றிவிட்டேன்.


செப்டம்பர் 11, வியாழன்

மத்தியானம். நான் வெங்காயம் உரிக்கிறேன். மதினி மெஷினிலிருந்தே, என்னைப் பாராமல்:

"அந்தக் கை ஆடல எண்டு உனக்கு ஆரு சொன்ன?"

"எனக்குத் தெரியல மதினி. நீங்க பொத்திப் பிடிச்சிருந்தீங்க."

"பிடிச்சா ஆடாதா? எண்ட கைக்குள்ள கிடந்து துடிச்சிச்சே. சாவி எண்ட உள்ளங்கையில குத்திக் குத்தி, பாரு."

கையை நீட்டினார். பெருவிரலுக்குக் கீழே மஞ்சளாகிப் போன கண்டல். சாவியின் பல் அளவு.

"இத ஏன் இவ்வளவு நாளும் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? எந்தக் கை எண்டு கேட்ட. இறுக்கியா எண்டு கேட்ட. பிள்ளைட கை என்ன செஞ்சிச்சி எண்டு நீ கேக்கவே இல்லையே, படிச்ச புள்ள."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். வெங்காயம் என்று நினைக்க வசதியாக இருந்தது, இரண்டு பேருக்கும்.

பிறகு கேட்டேன். முறையாக, லாபில் கேட்பதுபோல. எவ்வளவு நேரம்?

"எனக்கு மணிக்கூடு தெரியுமா அந்த நேரம்? ஆயத்துல் குர்ஸி ஓதினன். மூண்டு முடிஞ்சி நாலாவது பாதியில நிண்டிச்சி."

"அண்டைக்கு ஓதின வேகத்திலயே இப்ப ஓதுவீங்களா?"

"பரீட்சையா?" என்றார். ஆனால் முக்காட்டை இழுத்துவிட்டு ஓதினார். ஃபோனில் நேரம் பிடித்தேன். மூன்றரைக்கு ஒரு நிமிடம் ஐம்பது செக்கன்.

பத்து நிமிடம் இல்லை. இரண்டு நிமிடம்கூட இல்லை.

உடனே தில்ருக்ஷிக்குச் செய்தி. பதில்: ஒரு எலி, தொப்பியுடன்.


செப்டம்பர் 13, சனி

வெயில். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை (காலை, மதியம், மாலை).

மதினி கிளினிக்குக்கு வரமாட்டாராம்.

"நீயே சொல்லு. உனக்குத்தான் சிங்களம் நல்லா வருமே."

"நான் ஒருதரம் மாத்திச் சொல்லிட்டன் மதினி. திரும்ப நானே மாத்தினா நம்புவாங்களா? உங்கட கையிலதானே துடிச்சது."

"வாட்டுல அந்த நர்ஸ் மிஸ்ஸி கத்தினது ஞாபகமில்லையா? பக்கத்துக் கட்டில் பிள்ளைட இடுப்புல கட்டின நூல அறுத்துப்போட்டு. சாவி எண்டு சொன்னா என்னை அறுத்துப் போடுவாள்."

ரிஸ்வான்: "ராத்தா, ஆமிக்காரனுக்கு முன்னால பதினொரு வயசுல பூட்டுப் போட்டுட்டு வந்தவள் நீங்க. ஒரு மிஸ்ஸிக்குப் பயமா?"

"அண்டைக்கு ஆமிக்காரன் எங்க வந்தான், வாயில வந்ததக் கதைக்காத. நீ தொட்டில்ல கிடந்த."

சிரித்தார்கள். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மருந்து தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்த முடியாது. இரண்டு வருடம் என்றால் ஸைனு நேர்சரிக்குப் போகும் வயது. ஒரு வரி. அந்த டிக்கட்டில் நான் சொல்லி எழுதிய ஒரு வரி.


செப்டம்பர் 15, திங்கள்

எழும்பிப் பார்த்தால் மதினி அபாயா போட்டு, கைப்பையோடு, கதிரையில் இருக்கிறார். "பஸ்ஸுக்கு நேரமாகுது, என்ன பாக்குற?"

கிளினிக்கில் நாற்பதாவது நம்பர். பதினொன்றரை ஆயிற்று. பெரிய டொக்டர் பெண். கண்ணாடி, களைத்த முகம். தமிழ் கொஞ்சம். டிக்கட்டை வாசித்தார், ஒரு பக்கம் என்ற இடத்தில் பேனை நின்றது. நான் சிங்களத்தில் சொன்னேன்: வலது கையை ஒருவர் பிடித்திருந்தார், அந்தக் கையும் துடித்தது, நேரம் இரண்டு நிமிடத்துக்குள்.

அவர் கோபப்படவில்லை. "வாட்டில் வேறு சொல்லியிருக்கிறீர்களே. இரண்டு கிழமை கழித்துத் தாய்மாருக்கு நல்லதுதான் ஞாபகம் வரும். எனக்கு அது விளங்கும்." பேனை ஸ்கேன் தாள் பக்கம் போனது.

மதினி என் முழங்கையைத் தட்டினார். "என்ன சொல்றா?"

"நம்ப ஏலாதாம்."

மதினி எழுந்தார். மேசைக்கு மேலால் கை நீட்டி, டொக்டரின் வலது கையை, பேனையோடேயே, தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துப் பொத்திக்கொண்டார். மிஸ்ஸி "ஏய் ஏய்" என்றாள். டொக்டர் மற்றக் கையால் அவளை நிறுத்தினார்.

மதினி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கை துடிக்கத் தொடங்கியது. வேகமாக, சின்னச் சின்னதாக, இடைவெளி இல்லாமல். பிறகு துடிப்பு பெரிதாகி, நடுவில் ஒரு சின்ன இடைவெளி. பிறகு இன்னும் கொஞ்சம் நீண்ட இடைவெளி. ஒன்று. நிற்கிறது. ஒன்று. நின்றுவிட்டது என்று நாங்கள் நினைத்த பிறகு, கடைசியாக ஒன்று.

உண்மையான வலிப்பு அப்படித்தான் நிற்கும். ஒரேயடியாக நிற்காது, இடைவெளி நீண்டு நீண்டு நிற்கும். எத்தனை எலிகளில் பார்த்திருக்கிறேன். புத்தகம் வாசித்தவர்களும் நடித்துக் காட்டச் சொன்னால் வேகமாக ஆட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்துவார்கள். மதினி வாசித்ததே இல்லை. அவர் கை வாசித்திருக்கிறது.

டொக்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மற்றக் கை?" என்று என்னிடம் கேட்டார். "இடது கையை நான் பார்த்தேன். இதே மாதிரி." "ரெண்டும் ஒண்டாவா நிண்டது?" என்று தமிழில் மதினியிடம். "ஓம். இது நிக்க, அதுவும் விழுந்திச்சி. எண்ட மடியில."

ஒரு பக்கம் என்பதைக் கோடு போட்டு அடித்தார். மேலே எழுதினார்: இரண்டு பக்கமும், இரண்டு நிமிடத்துக்குக் குறைவு. ஸ்கேன் வேண்டாம். மருந்து வேண்டாம். திரும்பவும் வரலாம், வந்தால் பிடிக்க வேண்டாம், வாயில் ஒன்றும் வைக்க வேண்டாம், சரித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஓடி வாருங்கள். "அடுத்த முறை அம்மாவும் கண்ணைத் திறந்து வைத்திருக்கட்டும்." நான் கண்ணை மூடியதை அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவில்லை. முகத்திலேயே எழுதியிருக்கிறதோ.

வெளியே வந்து மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெக்டோ ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மீதியை எனக்குத் தந்தார்.

பஸ் ஸ்டாண்டில் நிழல் இல்லை. ஸைனு மதினியின் தோளில் நித்திரை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தேன். லாப், மழை, தஸ்பீஹ் கவுண்டர், தில்ருக்ஷி, வட்டம் போடுகிற எலி, கடைசியில் இடைவெளி நீள்வது, உங்கள் கையில் அதைப் பார்த்ததும் திரும்ப அங்கேயே போய் நின்றதுபோல இருந்தது மதினி, என் வாழ்க்கையில் நல்ல காலம் அது.

மதினி கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டே.

"வலி நிண்ட பிறகு அதுகளும் இப்பிடித்தான் நித்திரை கொள்ளுமா?"

"ஓம். ஒரு மணித்தியாலம், சிலது இரண்டு."

"பிறகு எழும்பினா அதுகள என்ன செய்வீங்க, புள்ள?"

மருந்து சரியான இடத்தில்தான் போனதா என்று பார்க்க வேண்டும். மூளையை எடுத்து மெல்லிசாக வெட்டி, சாயம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எல்லா எலிக்கும் அதுதான். நாற்பத்தொன்றுக்கும்.

பஸ் வருகுது என்றேன். வரவில்லை.